சீனி கேட்காத நானா

போர்ட் கிள்ளான் சரக்குக் குடோனுக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் நானா இரண்டு வருடம் சீனி போடாத தேநீர் குடித்தார். சீனி பிடிக்காமல் அல்ல. முதல் நாள் கடைக்காரர் வேறு யாருக்கோ கலக்கிய 'தே கோசோங்'கைத் தவறுதலாக அவர் முன்னால் வைத்துவிட்டார். நானா ஒரு வாய் குடித்தார், கடைக்காரரைப் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் குடித்தார். மறுநாளும் அதுவே வந்தது. இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூன்றே மாதத்தில் நானாவுக்குச் சீனி வியாதி என்று குடோன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எங்கள் கிரேன் ஓட்டுநரின் மனைவி இரக்கப்பட்டுப் பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்பினார். அதையும் குடித்தார்.

"சீனி வியாதின்னா சோத்தைக் குறைக்கணும் நானா" என்று ஒரு நாள் சொன்னேன்.

"எனக்கு ஏது தம்பி சீனி வியாதி?"

"அப்புறம் எதுக்குக் கோசோங்?"

"அவங்க அதைத்தானே குடுக்குறாங்க."

"சீனி போடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே லா!"

சிரித்துக்கொண்டார். நானே எழுந்து போய்க் கடைக்காரரிடம் சொன்னேன். பாவம், அவருக்கு ஒரே வெட்கம். மறுநாள் நான்கு கரண்டி சீனி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பாகு மாதிரி இருந்த அந்தத் தேநீரையும் நானா மறுபேச்சில்லாமல் குடித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் அந்தக் குடோனில் கிராணிகள். லோரியிலிருந்து இறங்கும் ரப்பர் கட்டுகளையும் சிமெண்ட் மூட்டைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வது வேலை. நான் தோட்டத்திலிருந்து வந்தவன், அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி. எங்கள் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் பெரியவர்களை நானா என்று கூப்பிடுவது வழக்கம். குடோனில் நானா என்றால் அவர் ஒருவர்தான்.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர் அவர். அந்த ஊரில் ஒரு தர்கா உண்டு, அதைச் சார்ந்து ஒரு ஷெய்கும் உண்டு. கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், பத்தொன்பது வயதில், நானா அந்த ஷெய்கின் கையைப் பிடித்து அவருடைய சீடராகியிருக்கிறார். முரீது என்பார்கள். கை பிடித்துக் கொடுக்கும் சத்தியத்துக்குப் பைஅத்து என்று பெயர். அப்போது ஷெய்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்று சொல்லிக்கொடுப்பாராம். ஒருவருக்கு, பொய் சொல்லாதே. இன்னொருவருக்கு, கோபப்படாதே. நானாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "படைச்சவனைத் தவிர யார்கிட்டயும் எதையும் கேக்காதீங்க" என்று சொன்னாராம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மனிதர் கடல் தாண்டி வந்துவிட்டார்.

எனக்கு இதில் ஆயிரம் சந்தேகம். "மணி என்னன்னு கேக்கலாமா நானா?"

"கேக்கலாம். ஆனா எதுக்கு வம்புன்னு வாட்ச் வாங்கிட்டேன்."

கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஓடி ஓடிக் கவனிப்பார். ஒரு தடவை லோரியின் பின்பக்கம் ஏறிக் கிள்ளான் டவுனுக்குப் போகும்போது காற்றில் அவருடைய சொங்கோக் பறந்துவிட்டது. ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வெறுந்தலையோடு துறைமுகச் சாலை முழுக்க நடந்து, ஒரு சாக்கடை ஓரத்தில் அதைக் கண்டெடுத்து, வேலைக்கு வரும்போது காயவைத்துக்கொண்டே வந்தார். லோரி ஓட்டுநர் கோபித்துக்கொண்டார். "ஒரு தட்டு தட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனே நானா, நான் என்ன பேயா பிசாசா?" என்றார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்த காலம். அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஊரில் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை தபாலில் வந்தது. லீவு வேண்டும் என்றால் மேலதிகாரியிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர், நானாவிடம் மிகுந்த பிரியம் உள்ளவர். நானா கேட்கவில்லை. பத்திரிகையைத் தன் மேசையில், எண்ணும் பலகைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி விரித்து வைத்தார். அதிகாரி தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆளான நான் அந்த நேரம் பார்த்து மனைவியின் முதல் பிரசவத்துக்கு லீவில் இருந்தேன். திரும்பி வந்து பத்திரிகையைப் பார்த்தபோது கல்யாணம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

விஷயம் தெரிந்ததும் அதிகாரி பதறிப்போனார். "கெனாப்பா தாக் சக்காப்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை. நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. இது என்ன பக்தி, பெற்ற பெண்ணுக்குக்கூட இரங்காத பக்தி என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் கண் கலங்கியது. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அவர் மேசையை ஒரு பார்வை பார்ப்பேன்.

அவர் ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் கிள்ளானில் இருந்தார்கள். ரொட்டி வியாபாரம், மணி சேஞ்சர் கடை, துறைமுக வேலை என்று பல பிழைப்பு. முக்கால்வாசிப் பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். வியாழக்கிழமை மாலை, டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கூடி ராத்திபு ஓதுவார்கள். ஒரே குரலில், ஆடி ஆடி, மெல்ல ஆரம்பித்து மேலே மேலே போகும் ஓதல் அது. அந்த ஜவுளிக்கடையின் முதலாளி ஹாஜியார்தான் கிள்ளான் முரீதுகளுக்குத் தலைவர். பண்டமாரானில் வரிசையாக நான்கைந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒன்றில்தான் நான் குடியிருந்தேன். நானா சொல்லித்தான் கிடைத்தது என்று எழுத ஆசை. ஆனால் அவர் எங்கே சொல்வார்? ஹாஜியார் தானாகவே, "நம்ம நானாவோட வேலை பாக்குற தம்பிதானே" என்று கொடுத்தார்.

எண்பதுகளின் நடுவில் ஊரில் ஷெய்கு ஒரு கட்சி ஆரம்பித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. பெரிய கட்சிக்காரர்கள் கந்தூரிக்குக் கந்தூரி வந்து தலையில் துணி கட்டிக்கொண்டு நேர்ச்சைச் சோறு தின்றுவிட்டுப் போவார்கள். தர்காவுக்கு ஒரு கஷ்டம் என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊருக்குள்ளேயே கொடி ஊர்வலம் கூடாது, சந்தனக்கூடு எடுக்கக் கூடாது என்று சொல்லும் இளைஞர்களும் வந்துவிட்டார்கள். நமக்காக நாம்தான் பேச வேண்டும் என்று ஷெய்கு நினைத்திருக்கிறார். கட்சியில் இருந்த எல்லோரும் அவருடைய முரீதுகள். கூட்டம் நபியை வாழ்த்தும் சலவாத்து ஓதித் தொடங்கி சலவாத்து ஓதி முடியுமாம். நகராட்சித் தேர்தலில் வார்டுக்கு ஒருவரை நிறுத்தினார்கள். சின்னக் கட்சிக்கு மிச்சம் மீதி உள்ள சின்னம்தானே கிடைக்கும்? சீப்பு கிடைத்தது. ஒட்டுக்கடையில் ஒரே சிரிப்பு. "மொட்டை போட்ட ஹாஜிமாருக்கு எதுக்குய்யா சீப்பு?" என்று கடைக்காரர் கேட்க, நானாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஷெய்கிடமிருந்து ஹாஜியாருக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு முரீதும் தன் வீட்டுக்குக் கடிதம் எழுதி ஓட்டுக் கேட்க வேண்டும் என்று. இது வெறும் பேச்சு அல்ல. அந்த ஊரில் ஓட்டுப் போடுவதில் பாதிப்பேர் பெண்கள். புருஷன் மலாயாவிலிருந்து என்ன எழுதுகிறானோ அந்தச் சின்னத்தில்தான் குத்துவார்கள். கடிதம் வந்தால் ஓட்டு வந்த மாதிரி.

இந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பது நானா. பலருக்கு எழுத வராது, வந்தாலும் நானாவின் கையெழுத்தில் போனால்தான் வீட்டில் மரியாதை. மாதத்துக்கு ஒரு முறை நீல நிற ஏரோகிராம் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வழக்கம்போல எழுதிடுங்க நானா" என்று போவார்கள். ஹாஜியார் நானாவைக் கூப்பிட்டு, "எல்லா லெட்டர்லயும் கடைசியில ஒரு பாரா போட்டுடும். ஷெய்கு நாயகத்துக்காகக் கேக்குறோம், சீப்புக்குத்தான் ஓட்டுப் போடணும்னு" என்றாராம்.

"என்னால கேக்க முடியாது ஹாஜியார்."

"நீர் கேக்க வேணாம் ஓய். அவங்கவங்க கேக்குறாங்க. நீர் எழுதினாப் போதும்."

இதை நானா என்னிடம் சொன்னபோது அவருடைய முகம் சரியில்லை. இரண்டு நாள் எண்ணிக்கையில் தப்பு விட்டார். மூன்றாம் நாள் ஒரு ரப்பர் கட்டு உருண்டு வருவதைக் கவனிக்காமல் நின்று, வலது கை விரல்கள் நசுங்கி, மணிக்கட்டு வரை கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால், கடிதத் தலைப்பில் போடும் 786-ஐ எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். கேட்பார் என்றால் அது நானாவா? "நான் எழுதுறேன், நீங்க சொல்லுங்க" என்றேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பகல் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதினோம். வழக்கமான சலாம், சுகம், பிள்ளைகள் ஓதுகிறார்களா, கூரை ஒழுகுகிறதா. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசிப் பாராவுக்கு வந்ததும் நானா கட்டுப் போட்ட கையை மடியில் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: "எழுதுங்க தம்பி. நம் ஷெய்கு நாயகம் அவர்கள் கட்சி தேர்தலில் நிற்கிறது. சின்னம் சீப்பு. யாருக்குப் போடுவது என்பதை நீங்களே யோசித்து, உங்கள் மனசுக்கு எது நல்லது என்று படுகிறதோ அப்படிச் செய்யுங்கள்."

பேனாவை நிறுத்தினேன். "இது கேக்கிற மாதிரி இல்லையே நானா."

"கேக்கலைதான்."

"ஹாஜியாருக்குத் தெரிஞ்சா?"

"நான் முடியாதுன்னு அவங்ககிட்ட முன்னாலயே சொல்லிட்டேன் தம்பி. மத்தவங்க வாயை வச்சு நான் கேட்டாலும் அது நான் கேட்டதுதான்."

அப்போதே எனக்கு உறுத்தியது. அது அவர்களுடைய கடிதம், அவர்களுடைய பெண்டாட்டி. தன் விரதத்தை ஊரார் தாளில் எழுதிவைக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்த என் மனைவி, தோளுக்கு மேலாக அந்தப் பாராவைப் படித்துவிட்டு, "எனக்கு இப்படி ஒரு லெட்டர் வந்தா பொட்டியில வச்சுப் பூட்டிக்குவேன்" என்றாள். நானா அதைக் கேட்டுச் சிறு பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். முப்பத்தெட்டுக் கடிதமும் அதே பாராவோடு என் கையெழுத்தில் போயின.

கட்சி ஒரு வார்டில்கூட ஜெயிக்கவில்லை. ஷெய்கு குடியிருந்த தெருவிலேயே தோற்றது.

விஷயம் என் வாயால்தான் வெளியே வந்தது. மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் ஊர்க்காரர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வீட்டுக் கடிதத்தை ஒட்டுக்கடைக்குக் கொண்டுவந்து, "நானாவைக் காணோம், நீங்களே படிங்க தம்பி" என்று நீட்டினார். சுற்றிலும் நான்கைந்து ஊர்க்காரர்கள். நானும் சத்தமாகப் படித்தேன். 'நீங்கள் என் மனசுப்படி செய்யச் சொல்லி எழுதியதைப் பார்த்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் யோசனைக்கு விட்டது இதுதான் முதல் தடவை. நம் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னவருக்குப் போட்டேன். நாங்கள் எல்லோருமே அவருக்குத்தான் போட்டோம்.' படிக்கப் படிக்க என் குரல் இறங்கியது. நிறுத்துவதற்குள் எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

ரொட்டிக்காரர் முகத்தில் ஒரு கணம் வெட்கமும் சந்தோஷமும் கலந்த மாதிரி ஏதோ வந்தது. அது போனதும் கேட்டார்: "அப்படி நான் எங்கே எழுதச் சொன்னேன்?" மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்தும் இதே மாதிரிதான் வந்திருந்தது. ஆளுக்கு ஆள் தன் பெண்டாட்டி மட்டும்தான் இப்படி என்று நினைத்து மறைத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் ஷெய்கு கிள்ளானுக்கு வந்தார். ஜவுளிக்கடை மாடியில் என்னையும் வரச் சொன்னார்கள். ஹாஜியார் படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, "உள்ளதை மட்டும் சொல்லுங்க தம்பி, உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். உங்களுக்கு ஒன்றும் வராது என்றால், வரக்கூடிய ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். பண்டமாரானில் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

ஷெய்கு நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. சிறிய உருவம், மெல்லிய குரல், கண்ணில் புரை. மாடி நிறைய ஆட்கள். நானா ஒரு தூண் ஓரமாக, இன்னும் கட்டுப் பிரிக்காத கையோடு நின்றார். ரொட்டிக்காரர் தன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கிய, நாங்கள் எழுதிய அந்த ஏரோகிராமை ஷெய்கின் கையில் கொடுத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா தம்பி?" என்று ஷெய்கு என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"கடைசியில இருக்கிறது இவங்க சொன்னதா, இல்லை எழுதும்போது நீங்களா மாத்திப் போட்டதா? வெளியாளு, தெரியாம எழுதியிருந்தாத் தப்பில்லை."

வாசலை முழுக்கத் திறந்துவிட்டார் அந்தக் கிழவர். அது எனக்கு அங்கேயே புரிந்தது. நானாகத்தான் மாற்றி எழுதிவிட்டேன் என்று நான் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். எனக்குச் சத்தியமும் இல்லை, பைஅத்தும் இல்லை. நான்கு வசவு விழும், துடைத்துக்கொண்டு போகலாம். நானாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் ஜாடை காட்டட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் நிமிரவே இல்லை.

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

உண்மைதான். உண்மை எனக்கு அவ்வளவு வசதியாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

ஷெய்கு நானா பக்கம் திரும்பினார். "நான் கேக்கச் சொல்லித்தானே எழுதினேன்?"

"நாயகம் என் கையைப் பிடிச்சு ஒண்ணுதான் சொன்னீங்க. அதை விட்டுடுன்னு எழுதலையே" என்றார் நானா. குரலில் எதிர்ப்பே இல்லை. தெரியாமல் கேட்கிறவர் மாதிரி இருந்தது.

"பேச்சைப் பாரு!" என்று ஹாஜியார் கத்தினார். "நாயகத்துக்கிட்ட மன்னிப்புக் கேளும் ஓய்! கால்ல விழுந்து கேளும்!"

நானா நின்ற இடத்திலேயே நின்றார். மன்னிப்பும் கேட்கிற காரியம்தானே. அது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், எனக்கும் ஷெய்குக்கும். ஷெய்கு கையை உயர்த்தி ஹாஜியாரை அடக்கினார். "கேக்கமாட்டாங்க" என்றார். "நான் சொல்லிக்கொடுத்ததுதான்." அந்தக் கையைத் தரையில் ஊன்றினார். இதோ, இவர் எழுந்து நானாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். வெறும் ஷெய்காக இருந்திருந்தால் செய்திருப்பார். இப்போது அவர் கட்சித் தலைவராகவும் இருந்தார். தோற்றுப்போன நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கட்சின்னா ஒரு கட்டுப்பாடு வேணும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் நீங்க இந்த வியாழக்கிழமை மஜ்லிஸுக்கு வரவேணாம்."

என் வீடு நிலைத்தது. இரண்டாவது மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான்.

நானா வேலைக்கு வந்தார், எண்ணினார், தேநீர் குடித்தார். கடிதம் எழுதச் சொல்லி யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மாலை மட்டும் பஸ் ஏறிக் கிள்ளான் டவுனுக்குப் போவார். கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்போம். ஜவுளிக்கடை அஞ்சடியில், ஏணிப்படிக்குப் பக்கத்தில், மாடியில் ஓதி முடிக்கும் வரை நின்றுவிட்டு வருவார். மழை பெய்தால் சாரல் அடிக்கும். ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், அவரும் ஏறமாட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து ஷெய்கு மறுபடி வந்தார். கட்சி அதற்குள் கலைந்துபோயிருந்தது. வந்த அன்றே, "அவங்களை மேலே வரச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினார். அந்த ஆள் வேறு யாரும் இல்லை, ரொட்டிக்காரர்தான். நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாயகத்துக்கு என் சலாம் என்று மட்டும் சொன்னாராம். ஏறவில்லை. அதற்கடுத்த வியாழனும் ஏறவில்லை. ஷெய்கு இறந்த செய்தி வந்த அன்றுகூட அஞ்சடியில்தான் நின்றார். எத்தனை திமிர் பாரு என்றார்கள். ஷெய்கே இறங்கி வந்து கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறான் என்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்தேன். ரோஷம் என்று நினைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகு, கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நுரையீரலில் நீர். ஒரு நாள் பகல், பார்வையாளர் நேரத்தில் போனேன். தண்ணீர்க் குவளை அவர் கைக்கு எட்டாத தூரத்தில், அலமாரியின் அந்தக் கோடியில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தார், தாதி இரண்டு முறை கடந்து போனார். ஊற்றிக் கொடுத்தேன். முழுக்கக் குடித்தார்.

"நானா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க. உங்களுக்கு என்ன தடை?"

"அன்னிக்கு மாடியில, நான்தான் மாத்தி எழுதினேன்னு சொல்லியிருப்பேன் நானா. சத்தியமா சொல்லியிருப்பேன். நீங்க ஒரு பார்வை பாத்திருந்தாப் போதும். நீங்கதான் கேக்கவே இல்லை."

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் தூங்கினேன்.

நானா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "கேட்டேன் தம்பி" என்றார்.

"எப்ப? நீங்க தரையைப் பாத்துக்கிட்டுல்ல நின்னீங்க?"

"வாயைத் திறக்கலை. மனசு பூரா அதுதான். இந்தத் தம்பி சொல்லிடணும், சொல்லிடணும்னு. உங்களைப் பாத்தா முகத்துல தெரிஞ்சுடும்னுதான் குனிஞ்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கினார். "அன்னிக்கு அந்தப் பத்திரிகையை மேசையில விரிச்சு வச்சேனே, அதுவும் கேட்டதுதான். ஆனா அது அல்லாஹ் யாரையாவது காட்டுவான்னு வச்சது, அப்படின்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மாடியில அப்படி இல்லை. அந்த நேரம் எனக்கு அல்லாஹ் ஞாபகமே இல்லை, உங்க ஞாபகம்தான். நாயகம் மன்னிச்சுக் கூப்பிட்டாங்க. அவங்க மன்னிச்சது லெட்டருக்கு. சத்தியத்தை விட்டது அவங்களுக்குத் தெரியாதே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மேலே ஏறுவேன்?"

மன்னிச்சுக்குங்க நானா என்று கேட்டேன். எனக்குக் கேட்க எந்தத் தடையும் இல்லை. விரல் கோணிப்போன வலது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. குவளையை நிரப்பி, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் இறந்துபோனார். கபருஸ்தானுக்கு மாடியில் ஓதுகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஹாஜியாருக்கும் வயதாகியிருந்தது, தடி ஊன்றிக்கொண்டு வந்தார். மண் தள்ளி முடித்துத் துஆ ஓதியானதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு தம்பி. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் எதையும் கேக்காமப் போய்ச் சேந்துட்டாரு மனுஷன்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரொட்டிக்காரர் விசும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கூட வேலை பார்த்தவன் என்பதால்.

நானும் தலையை ஆட்டினேன்.